சட்டையில் ஒட்டிய பஞ்சு

தறிக்கூடத்திலிருந்து வீடு திரும்பியதும் பேரன் என் காலைக் கட்டிக்கொள்ள ஓடி வந்தான். "கிட்ட வராதே" என்றேன். அவனுக்கு ஆஸ்துமா. பஞ்சுத் தூசி ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவன் முகம் வாடிப்போனது. அந்த முகத்தை எனக்குத் தெரியும்.

நான் சிறுவனாக இருந்தபோது, மதராசுக்கும் ஆந்திராவுக்கும் எல்லை பிரிக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நகரியில் எங்கள் வீடு முழுக்கத் தறி. எனக்கு மூச்சு இழுத்ததால், தறி இல்லாத எதிர்வீட்டு அத்தையிடம் விட்டிருந்தார்கள். படுத்தபடியே எங்கள் தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். சாயங்காலம் அவர் வெளியே வருவார். மீசையெல்லாம் வெள்ளையாகப் பஞ்சு. தெருவின் அந்தப் பக்கமே நின்று, "சோறு துன்னியாடா?" என்பார். தலையாட்டுவேன். உள்ளே போய்விடுவார்.

"உங்க நைனா மதராசு, நீ ஆந்திராவாடா?" என்று தெருவையே எல்லைக்கோடாக்கிப் பையன்கள் சிரிப்பார்கள்.

அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றே நினைத்திருந்தேன். ஏன் கிட்டே வருவதில்லை என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

பேரன் இன்னும் அங்கேயே நின்றிருந்தான்.

"சட்டையெல்லாம் பஞ்சுடா. உனக்கு மூச்சு இழுக்கும். குளிச்சிட்டு வந்து தூக்கிக்கிறேன்" என்றேன்.

குளித்து முடிக்கும்வரை கதவுக்கு வெளியே அவன் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. "ஆச்சா தாத்தா? ஆச்சா?"