ஜன்னலுக்கடியில் சுட்டவர்கள்

இது நடந்தது. நம்ப முடியாதவர்கள் தாராளமாக நம்பாமல் இருக்கலாம். ஆனால் கேப்டன் ஜேபஸ் வின்ச்சுக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் மாசசூசெட்ஸ் ஆளுநருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். இப்படிச் சொந்த ஊரிலேயே, ஊர்ப்படைக்குக் கேப்டன், மீதி நாளில் வேலி தாண்டிய பன்றிகளின் வழக்குக்கு நீதிபதி என்று காலம் தள்ளியிருக்க மாட்டார்.

1745இல் ஊர்ப் பையன்கள் ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு, வடக்கே பிரெஞ்சுக்காரர்களின் கோட்டையைப் பிடிக்கப் போனார். பிடித்தும் விட்டார்கள். உள்ளே காய்ச்சல் காத்திருந்தது. முதலில் விழுந்தவர் கேப்டன்தான். நினைவில்லாமல் கிடந்தவரைக் கப்பலில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். பனிக்காலம் முடிவதற்குள் அங்கே ஒன்பது பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதில் ஒருவன் அவர் மகன் அசஹேல்.

அதன்பின் ஊரில் யாரும் அவரிடம் பன்றியைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. அந்த ஒன்பதில் ஒருவனான எல்கனாவின் தாய், விதவை ருஹாமா, அதைக்கூடப் பேசவில்லை.

அடுத்த மே மாதம் ஊர்ப்படையின் பயிற்சி நாள் வந்தது. வருஷா வருஷம் அன்று விடியுமுன் படைப் பையன்கள் பூனை மாதிரி வந்து, கேப்டன் வீட்டு ஜன்னலுக்கடியில் ஒரே சமயத்தில் துப்பாக்கி வேட்டுப் போடுவார்கள். அதுதான் மரியாதை. கேப்டன் பதறியடித்து எழுவதுபோல் எழுந்து, நாலு திட்டு திட்டி, உள்ளே கூப்பிட்டு ரம் ஊற்ற வேண்டும்.

"ரம் எடுத்து வைக்கட்டுமாங்க?" என்று முதல் நாள் கேட்டாள் மனைவி மெஹிடபிள்.

"இந்த மூஞ்சியைப் பாக்க யாரு வரப்போறா?"

"வராட்டி நானே குடிக்கறேன், போங்க."

விடிகாலை. நாலு மணி பத்து நிமிஷம்.

டமார்!

கேப்டன் எழுந்து உட்கார்ந்தார். கண் கலங்கிவிட்டது. வந்துட்டானுங்க... ஊர் மன்னித்துவிட்டது!

ஜன்னல் கண்ணாடி அதிரவில்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை. இலை விழுந்தாலே ஊரைக் கூட்டும் வாத்துகள் வாயைத் திறக்கவில்லை. அதையும் கவனிக்கவில்லை.

கதவைத் திறந்தார். மூடுபனி. வரிசையாக உருவங்கள். தொப்பிகள் கண்வரை இறங்கியிருந்தன. வெடிமருந்து வாசனை இல்லை... ஈர மண் வாசனை.

"தூங்கற மனுஷனைக் கொல்லப் பாக்கறீங்களாடா, தடிப்பசங்களா! உள்ள வாங்க. ரம் இருக்கு."

யாரும் நகரவில்லை.

"என்னடா, வெத்தல பாக்கு வெச்சு அழைக்கணுமா?"

"உத்தரவு குடுங்க, கேப்டன்." வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல்.

"என்ன உத்தரவு?"

"நீங்க கலைஞ்சு போகச் சொல்லவே இல்லையே... சொல்லாம எப்படி வீட்டுக்குப் போறது?"

கேப்டனின் கை கதவிலேயே நின்றுவிட்டது. அந்தக் குரல் அவருக்குத் தெரியும். வரிசையில் நிற்கும்போது அவரை ஒருநாளும் அப்பா என்று கூப்பிடாத குரல்.



"போங்கடா... வீட்டுக்குப் போங்க, கண்ணுங்களா."

வரிசை கலைந்தது. ஆளுக்கொரு திசை.

காலடிச் சத்தம் இல்லை.

ஓர் உருவம் மட்டும் அவரை நோக்கி வந்தது... தோளை உரசியது...

சில்லென்று.

பின்னால், அசஹேலின் அறைக்குப் போகும் மாடிப்படி கிறீச்சிட்டது.

பத்து மணிக்குப் பயிற்சி மைதானத்தில் இளைஞர்கள் தலைகுனிந்து நின்றார்கள்.

"மன்னிக்கணும் ஐயா," என்றான் ஒருவன். "இந்த வருஷம் உங்க வீட்டுக்கு வர எங்களுக்கு மனசு வரல."

"ஒருத்தரும் வரலையா?"

"ஒருத்தரும் வரல."

அப்போது ருஹாமா மைதானத்தின் குறுக்கே நடந்து வந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று பையன்கள் வழிவிட்டார்கள். கிட்டே வந்ததும் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இன்னிக்கு வெடி வேணாம், கேப்டன். எல்கனா இப்பதான் கண் அசந்தான்."

கேப்டன் அவளையே பார்த்தார். பிறகு துப்பாக்கிகளைக் கீழே வைக்கச் சொன்னார்.

அவர் வீட்டு மாடியும் மைதானத்துக்குப் பக்கம்தான்.