எட்டு மூளையும் நாலு டீயும்

ஆபீஸில் டீ கொடுக்கிற வேலையில் டீ போடுவது சுலபம். எத்தனை பேருக்கு என்று தெரிந்துகொள்வதுதான் பாடு. இதே பாடு படுகிற அக்காமார் வாசித்தால் தலையாட்டுவார்கள்.

முதல் நாள்

பதுளை டவுனில், மாடியில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸ். ஹாலிஎலையிலிருந்து பஸ்ஸில் போய், சாமியைக் கும்பிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். எட்டுப் பேர் என்றார்கள். எட்டு டீ கொண்டுபோனால் நாலு பேர்தான். மற்றவர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்வார்களாம். பொறுப்பாக இருக்கிற கௌசல்யா பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. என் மூத்தவள் வயது. சிரிக்காமல் சொன்னாள்: "பேரு எட்டு இருக்கும்மா. குடிக்கிற வாய் நாலுதான்."

திரும்பி வந்த வேலை

ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள்ளேயே பல கம்ப்யூட்டர்கள் இருப்பதுபோல ஓட்டுவார்களாம். உள்ளே ஓடுகிற ஒவ்வொன்றுக்கும் ப்ரொசஸர், அதாவது மூளை, எத்தனை என்று மற்ற புரோகிராம்கள் கேட்டால் பதில் கிடைக்க ஒரு வழி செய்துகொண்டிருந்தார்கள். வேலை கொடுத்த கொழும்பு ஐயா இரண்டு தடவை திருப்பிவிட்டார். மூன்றாவதும் திரும்பினால் வேலை கொழும்புக்கே போய்விடும். நோயாளி அப்பாவை விட்டுவிட்டு கௌசல்யா அங்கே போக முடியாது. அவளுக்காகவும் ஒரு சூடம் கொளுத்தினேன். ஸ்பீக்கர் போனில் ஐயா சொன்னது அடுப்படி வரை கேட்டது: "நான் எட்டு மூளை கொடுத்தேன். உங்க புரோகிராம் ஒரு நேரம் எட்டுங்குது, ஒரு நேரம் நாலுங்குது. எதைத்தாங்க நம்புறது?"

பெரட்டு

கௌசல்யா டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு, காலையில் ஆள் கூடுகிற பெரட்டுக்குத் தன் அம்மா போனதைச் சொன்னாள். கங்காணியின் கொப்பியில் பேர் இருப்பவர்கள் வேறு, வந்து நிற்பவர்கள் வேறு, மலையில் கொழுந்து பறிப்பவர்கள் வேறு. மூளைக்கும் இப்படி மூன்று கணக்கு உண்டு, நாம் மூன்றையும் ஒரே கேள்வியில் அடைத்துவிட்டோம், அதைப் பிரிப்போம் என்றாள். பக்கத்து மேசை ரவி சொன்னான்: "அப்ப கங்காணியத்தான் வேலைக்கு எடுத்திருக்கணும், நம்மள இல்ல."

ஐயா வந்த அன்று

கொடுத்தது எட்டு, ஆன் ஆகி இருப்பது நாலு, வேலை செய்வது மூன்று என்று திரை தனித்தனியாகச் சொன்னது. ஐயா திரையைத் திரும்பவும் வாசித்தார். கௌசல்யா நகத்தைக் கடித்தாள். நான் முருகனைக் கூப்பிட்டபடி தட்டோடு நின்றேன். கொழும்பிலிருந்து ஐந்து பேர் என்றிருந்தார்கள். வந்தது ஐயாவும் டிரைவரும். தட்டில் ஐந்து டீ. ஐயா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வேலை இங்கேயே இருக்கட்டும். அந்த மூணு கேள்வியையும் முதல்ல இந்த அம்மாவுக்குக் கொடுங்க."

கம்ப்யூட்டர் இப்போது ஒழுங்காகச் சொல்கிறது. நான்தான் இன்னும் வாசலில் கிடக்கிற செருப்பை எண்ணி டீ போடுகிறேன்.