பெரியப்பா இங்கிலீஷும் மாமா இங்கிலீஷும்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எட்டுப் பேர் உட்காரலாம். நல்ல தேக்கு. நானே மரம் பார்த்து வாங்கிச் செய்தது. ஆனால் கொஞ்ச காலமாக அதில் உட்கார்ந்தால் நிம்மதியாக ஒரு வாய் இறங்குவதில்லை. பேச்சுவாக்கில் நான் இரண்டு வார்த்தை இங்கிலீஷில் சொல்லிவிட்டால் போதும், மகன் திருத்துவான். ஊட்டியில் தங்கிப் படித்தவன். அவன் திருத்தியதை மருமகள் திருத்துவாள். அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தவள். பிறகு இரண்டு பேரும் செல்போனை எடுத்துத் தேடி, ஆளுக்கொரு ஆதாரத்தைக் காட்டிக்கொள்வார்கள். ரசம் ஆறிப்போகும். நான் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போய் நின்றபடியே சாப்பிட்டு முடித்துவிடுகிறேன்.

நான் எட்டாவதோடு நின்றவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மேடையில் சால்வை போட்டால் அதைத்தான் முதலில் சொல்வேன். லேத்துப் பட்டறையில் இரும்புச் சுருள் கூட்டிப் பெருக்கியவன், இன்றைக்கு கணபதி ஏரியாவில் சொந்தமாக இரும்பு வார்க்கும் ஃபவுண்டரி வைத்திருக்கிறேன். என் பம்ப் கென்யாவில் தண்ணீர் இறைக்கிறது. சீனாக்காரனோடும் துருக்கிக்காரனோடும் நேருக்கு நேர் உட்கார்ந்து நான்தான் விலை பேசினேன். என் இங்கிலீஷ் அவனுக்குப் புரிந்தது, அவன் இங்கிலீஷ் எனக்குப் புரிந்தது. சரக்குப் போய்ச் சேர்ந்தது. வயது ஐம்பதை நெருங்குகிறது, ஊரில் பெரியவர் என்று சொல்லி முன்வரிசையில் நாற்காலி போடுகிறார்கள். இத்தனைக்கும் பிறகு, எந்த இங்கிலீஷ் சரி என்று என் வீட்டிலேயே ஒரு பஞ்சாயத்து. இந்தப் பஞ்சாயத்தைப் பதிமூன்று வயதிலேயே ஒரு தடவை முழுசாகப் பார்த்து முடித்தவன் நான். அதனால்தான் இத்தனை அலுப்பு.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. சிங்காநல்லூரில் அப்பா எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். உள்ளே ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்கு மேலே சிவப்பு எண்கள் ஓடும் பெட்டி, வெளியே ஒரு பெஞ்சு. அக்கா பிளஸ் டூ முடித்திருந்தாள். கல்லூரிக்கு அனுப்பும் யோசனை வீட்டில் யாருக்கும் வரவில்லை. அப்பா சாப்பிட்டுத் தூங்கும் மதிய நேரத்தில் பூத்தை அவள்தான் பார்த்துக்கொண்டாள்.

மில்லுக்குப் பஞ்சு விற்க வரும் குஜராத்திகளும் மார்வாடிகளும் எங்கள் பூத்துக்குத்தான் வருவார்கள். லைன் சரியாகக் கேட்காது. அவர்கள் கத்துவார்கள். கத்தியும் ஆகாதபோது அக்கா ரிசீவரை வாங்கி, அந்தப் பக்கத்து ஆளிடம் பேசி, விஷயத்தை முடித்துக் கொடுப்பாள். எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பெண்கள் பெயர் சொல்லி விசாரிக்கும் அளவுக்கு அவளுக்குப் பழக்கம். அவள் பேசுவதில் இங்கிலீஷ், தமிழ், கொஞ்சம் இந்தி எல்லாம் இருக்கும். எதைப் பேசினாலும் கடைசியில் ஒரு 'ங்க' இருக்கும். 'எஸ்ஸுங்க', 'நம்பர் பிஸிங்க', 'ஒன் மினிட்டுங்க'. கேட்டுக் கேட்டு, ஒரு வயதான குஜராத்திக்காரர் பம்பாயிலிருக்கும் தன் சொந்தத் தம்பியிடமே 'ஓகேங்க' என்று சொல்லி ஃபோனை வைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளியிருந்த பம்ப் கம்பெனி முதலாளி வந்தார். அவர் ஆபீஸ் ஃபோன் செத்துக் கிடந்தது. பம்பாய்ப் பார்ட்டி ஒருவன் சரக்கு வரவில்லை என்று அந்தப் பக்கத்திலிருந்து குதிக்கிறான். முதலாளிக்கு வியர்த்துவிட்டது. அக்கா ரிசீவரை வாங்கினாள். கொஞ்ச நேரத்தில் அந்த ஆள் சிரிக்கிற சத்தம் எங்களுக்கே கேட்டது. முதலாளி அன்று சாயங்காலமே அப்பாவைப் பார்க்க வந்தார்.

"ஏனுங்க, பாப்பாவ நம்ம ஆபீசுக்கு அனுப்புங்க. வெளியூர்ப் பார்ட்டிககிட்டப் பேசறதுக்கு இப்படி ஒரு ஆளத்தானுங்க தேடிட்டு இருந்தேன். சும்மா ஒருக்கா வந்து மேனேஜர்கிட்டப் பேசிட்டுப் போகட்டும், அவ்வளவுதான்."

அப்போது தொண்டாமுத்தூரிலிருந்து அக்காவுக்கு ஒரு வரன் வந்திருந்தது. தென்னந்தோப்பு, ஒரே பையன், கெட்ட பழக்கம் கிடையாது. அப்பா அம்மாவிடம் தீர்மானமாகச் சொன்னார்: "வேல கெடச்சா ரண்டு வருசம் பொறுக்கச் சொல்லலாம். இல்லீன்னா தையில முடிச்சுப்போடலாம்." அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும்போது அக்கா என்னை வேறு வழியில் கூட்டிக்கொண்டு போனாள். கம்பெனிக்கு எதிரே நின்று மாடியைக் காட்டி, "அந்தப் பச்சை ஜன்னலுதான் ஆபீசா இருக்கும், இல்ல கண்ணு?" என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும். ஆமாம் என்றேன். கோயிலில் நடை சாத்தும் நேரம்வரை அங்கேயே நின்றிருந்தோம்.

மறுநாளே போயிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் எதையும் தொடங்குவதில்லை. ஆவணியில் வருகிறோம் என்று அப்பா சொல்லியனுப்ப, முதலாளியும் நம்மூர்க்காரர் அல்லவா, அதுதான் நல்லது என்றுவிட்டார். அந்த ஒரு மாதம் எங்கள் வீட்டுப் பெரிய மனிதர்கள் இரண்டு பேருக்குக் கிடைத்தது.

பெரியப்பா வால்பாறையில் தேயிலை எஸ்டேட் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எஸ்டேட்டின் கடைசி வெள்ளைக்காரத் துரை வாயிலிருந்து நேராகக் கேட்டுப் படித்த இங்கிலீஷ் அவருடையது. மாமா, அம்மாவின் தம்பி, குவைத்தில் ஓர் அமெரிக்கனின் ஆபீசில் இருந்தவர். சண்டை வந்ததும் ஒரே ஒரு பெட்டியோடு ஊர் திரும்பி, இன்னும் தன் கைக்கடிகாரத்தை அங்கத்து நேரத்திலேயே வைத்திருந்தார். அக்காவை இண்டர்வியூவுக்குத் தயார் செய்வது தன் பொறுப்பு என்று இருவருமே முடிவு செய்தார்கள்.

"உள்ள போனதும் நின்னுட்டே சார்னு சொல்லோணும் அம்மணி. உக்காரச் சொன்னா உக்காரு. பேச்சு முடியறப்ப மறுக்கா ஒரு சார்" என்றார் பெரியப்பா.

"ஏனுங் மச்சான், அந்தக் காலமெல்லாம் மலையேறிப் போச்சுங்க. இப்பெல்லாம் நேரா கண்ணப் பாத்து, பேரச் சொல்லி, சிரிச்சுப் பேசோணும். சாரும் வேண்டாம் மோரும் வேண்டாம்" என்றார் மாமா.

"பேரச் சொல்றதா? யாருகிட்டக் கத்துக்கிட்டு வந்த மாப்ள?"

"அமெரிக்காக்காரன்கிட்டங்க."

"அவனுக்கு இங்கிலீசு கத்துக்குடுத்ததே நம்மள ஆண்டவன்தான். குருவ உட்டுப்போட்டு சிஷ்யங்கிட்டப் போய் நிக்கறயே."

"அந்தக் குரு கப்பலேறிப் போயாச்சு. இன்னும் எதுக்குங்க அவனுக்கு வணக்கம் போட்டுட்டு இருக்கோணும்?"

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் டெல்லியிலிருந்து வரும் இங்கிலீஷ் செய்தியைப் பார்த்து முடிவு செய்வது என்று ஆனது. நான் மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். செய்தி முடிந்ததும் இருவருமே ஜெயித்துவிடுவார்கள். அம்மா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "இதுல எது இங்கிலீசு, எது சண்டைன்னே தெரியல" என்று சொல்லிப் போவாள். இரண்டு பேருக்கும் ஒத்துப்போன விஷயம் ஒன்றே ஒன்றுதான். அக்கா பேச்சிலிருக்கும் 'ங்க' போக வேண்டும். அது இருந்தால் பட்டிக்காட்டு இங்கிலீஷ் என்றார்கள்.

ஒருநாள் காலையில் பெரியப்பா வந்தபோது அக்கா ஏதோ நினைப்பில் மாமா சொல்லிக் கொடுத்த மாதிரி வணக்கம் சொல்லிவிட்டாள். பெரியப்பா காப்பியைத் தொடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அப்பாவைப் படிக்க வைத்து ஆளாக்கியவர் அவர். பூத்துக்கு அட்வான்ஸ் கட்டியதும் அவர்தான். அப்பா அவர் வீட்டுக்குப் போய் வெகுநேரம் வாசலில் நின்று கூட்டிவந்தார். சரி, இனிமேல் பெரியப்பா சொல்படி என்றால், மாமா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். தாய்மாமன். நாளைக்கு அக்காவுக்கு எந்தச் சீர் என்றாலும் முன்னால் நிற்க வேண்டிய ஆள். அம்மா அழுதாள்.

அதன் பிறகு அக்கா எல்லாவற்றையும் இரண்டிரண்டாகக் கற்றுக்கொண்டாள். காலையில் பெரியப்பா இங்கிலீஷ், சாயங்காலம் மாமா இங்கிலீஷ். இருவரும் சேர்ந்திருக்கும்போது வாயைத் திறக்க மாட்டாள். அவள் தேறிவிட்டாள் என்று இருவரும் தனித்தனியாக அப்பாவிடம் சொன்னார்கள். எனக்கு அந்த ஆடி மாதம் நல்ல பொழுதுபோக்கு.

ஆவணியில் நல்ல நாள் பார்த்தார்கள். யாரைத் துணைக்கு அனுப்புவது என்ற பேச்சு வந்தது. பெரியப்பா மட்டும் போனால் மாமாவுக்குக் குறை, மாமா மட்டும் போனால் பெரியப்பாவுக்குக் குறை. "ரண்டு பேரும் போங்க, அதுதான் மருவாதி" என்றார் அப்பா. நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக்கூடாது என்று அம்மா சொன்னதால் நான்காவது ஆளாக என்னையும் சட்டை மாற்றி அனுப்பினார்கள். வேலை கேட்டுப் போனது ஒரு பெண், உள்ளே நுழைந்தது நான்கு பேர்.

முதலாளி எழுந்து நின்று கும்பிட்டார். பெரியவர்களை வெளியே உட்காருங்கள் என்று சொல்ல அவருக்கு எப்படி மனசு வரும்? உள்ளேயே நாற்காலிகள் போடச் சொல்லி, வடையும் காப்பியும் வரவழைத்தார். ஜன்னல் பச்சை நிறம்தான். மேனேஜர் பாலக்காட்டுக்காரர், சிரித்த முகம். இந்த வேலைக்கு ஏன் வர விரும்புகிறாய் என்று இங்கிலீஷில் அக்காவிடம் கேட்டார். எனக்கே புரிந்த கேள்வி அது.

அக்காவுக்கு இடது பக்கம் பெரியப்பா, வலது பக்கம் மாமா. பெரியப்பா உள்ளங்கையைச் சற்றே உயர்த்திக் காட்டினார். எழுந்து நின்று சார் என்று தொடங்கு என்று அர்த்தம். மாமா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து தன் பல்லைத் தொட்டுக் காட்டினார். உட்கார்ந்தபடி சிரித்துப் பேசு என்று அர்த்தம். அக்கா பாதி எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். அப்புறம் முந்தானை நுனியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மேனேஜர் அதே கேள்வியை இன்னும் மெதுவாகக் கேட்டார். பெரியப்பா பொறுக்க முடியாமல் தானே பதில் சொன்னார். மாமா அதைத் திருத்தினார். பெரியப்பா அந்தத் திருத்தத்தைத் திருத்தினார். துரையும் அமெரிக்கனும் அந்த அறைக்குள் வந்துவிட்டார்கள். முதலாளி, "சரிங்க, சரிங்க" என்று இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது மேசையில் ஃபோன் அடித்தது. முதலாளி எடுத்துக் கேட்டுவிட்டு முகம் மலர்ந்தார். ரிசீவரை அக்கா பக்கம் நீட்டினார். "நம்ம பம்பாய்ப் பார்ட்டிதான் பாப்பா. அன்னைக்கு நீ பேசுனயே, அதே ஆளு. பேசு கண்ணு."

அக்கா வாங்கிக் காதில் வைத்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. வாயைத் திறந்தாள். பெரியப்பா பக்கவாட்டில் குனிந்து காதைக் கொடுத்தார். மாமாவும் குனிந்தார். அக்கா இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். "சித்த இருங்க" என்று தமிழில் சொல்லிவிட்டு, தாம்பூலம் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் ரிசீவரை மேனேஜரிடம் கொடுத்துவிட்டாள்.

"பரவால்லீங்க, புள்ள பயந்துக்கிச்சு. பொறவு பாத்துக்கலாங்க" என்றார் முதலாளி. எங்கள் பக்கத்தில் 'பொறவு' என்றால் முடிந்தது என்று பொருள். வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

பஸ்ஸில் பெரியப்பாவும் மாமாவும் ஒரே சீட்டில் உட்கார்ந்து ஒரே பொட்டலத்தில் கடலை தின்றுகொண்டு, அந்த மேனேஜர் இங்கிலீஷ் சரியில்லை என்று பேசிக்கொண்டு வந்தார்கள். வாழ்க்கையில் அவர்கள் ஒத்துப்போன இரண்டாவது விஷயம் அது.

தையில் கல்யாணம் நடந்தது. மாமா சீர் குறைவில்லாமல் செய்தார். பெரியப்பா பந்தலில் நின்று எல்லோரையும் வரவேற்றார். பத்திரிகையை இங்கிலீஷிலும் அடிக்கலாமா என்று ஒரு பேச்சு வந்தபோது, வேண்டாம் என்று அக்கா சொன்னாள். அவள் அந்தக் கல்யாணத்தில் கேட்டது அது ஒன்றுதான். இன்றைக்கும் தொண்டாமுத்தூரில்தான் இருக்கிறாள். யானை வந்து வாழையை மிதித்தால் ஃபோன் செய்வாள். நான் எந்த நாட்டுக்குப் போய் வந்தாலும், "அங்க நீ என்ன பேசுன, சொல்லு" என்று கேட்பாள். நான் பேசியதை அப்படியே பேசிக் காட்டுவேன். அவள் திருத்தியது கிடையாது. எனக்கு யாரும் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்க வரவில்லை. என்னைக் கொண்டு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று பெரியவர்கள் விட்டுவிட்டார்கள். அதை என் சாமர்த்தியம் என்றே வெகுகாலம் சொல்லித் திரிந்தேன்.

இண்டர்வியூ முடிந்த அன்று பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பெரியவர்கள் இருவரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அக்கா கட்டியிருந்த பட்டுப் புடவையோடு நேராக பூத்துக்குப் போய் அப்பாவைச் சாப்பிட அனுப்பினாள். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்த வயதான குஜராத்திக்காரர் வந்தார். லைன் இரைந்தது. அக்கா ரிசீவரை வாங்கினாள். சார் இல்லை, மோர் இல்லை, நிற்பதும் உட்காருவதும் இல்லை. இங்கிலீஷ் அவள் வாயில் கடகடவென்று ஓடியது. ஒவ்வொரு பேச்சின் நுனியிலும் ஒரு 'ங்க'. அந்தப் பக்கம் யாரோ சிரிக்க, இவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். கூண்டுக்குள் புழுக்கம்.

இப்படிப் பேசத் தெரிந்தவள் அங்கே ஏன் வாயைத் திறக்கவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். தொண்டாமுத்தூர் மாப்பிள்ளையை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது போலிருக்கிறது, வேலைக்குப் போக மனசில்லை என்று எனக்கு விளங்கியது. பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தோடு, பட்டாணி வாங்கித் தின்னப் போனேன்.