தம்பியின் குரல் வந்த ஒயர்

நாற்பது ஆவதற்குள் என் தம்பிக்கு நரம்பு வற்றும் நோய் வந்தது. மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவனுக்கு. பிரிண்டர் ஒயரைச் செருக விரல் வரவில்லை என்று ஒரு சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து சொன்னான். பிறகு கால் போனது, அதன்பின் நாக்கு. செங்கல்பட்டு வீட்டில் அம்மாவும் நானும் அவனும்தான். கடைசியில் அவன் சொன்னபடி கேட்டவை கண்களும் வலது கன்னமும் மட்டும்.

பேச்சு முழுசாக நிற்கும் முன்பே அவன் ஏற்பாடு செய்துகொண்டான். கன்னத்தை ஒட்டி ஒரு சின்ன ஸ்விட்ச். அதன் ஒயர் ஒரு டப்பாவுக்கு, டப்பாவிலிருந்து லேப்டாப்பின் யூஎஸ்பி போர்ட்டுக்கு. திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டியது வரும்போது கன்னத்தை உப்பினால் பதியும். எழுதி முடித்ததும் ஸ்பீக்கர் படிக்கும். அம்மாவுக்குக் காது மந்தம் என்பதால் எச்டிஎம்ஐ ஒயர் போட்டு டிவியிலும் எழுத்து தெரியும்படி செய்யச் சொன்னான். எது எதில் போகும் என்று குழறிக் குழறிச் சொல்லித்தந்தான்.

"போவலன்னா அழுத்தாதக்கா. திருப்பிப் போட்டுப் பாரு."

முதன்முதலாக ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் வந்தது. "இன்னாக்கா, பொம்பள கொரலா கீது" என்று அந்தக் குரலிலேயே அவன் கேட்டபோது அம்மா சிரித்துவிட்டாள். பிறகு சமையலறைக்குப் போனவள் நெடுநேரம் வெளியே வரவில்லை.

மழைக்காலத்தில் அந்தப் போர்ட் ஆடத் தொடங்கியது. தினமும் செருகிப் பிடுங்கியதில் தேய்ந்திருக்க வேண்டும். லேப்டாப்பின் இன்னொரு போர்ட் ஏற்கெனவே உடைந்து கிடந்தது. ஒரு காலையில் ஸ்விட்ச் அடியோடு நின்றுபோனது. கடையில், "கழட்டிப் புதுசு பத்த வைக்கணும் மேடம், நாலஞ்சு நாள் ஆவும்" என்றார்கள்.

அந்த நாட்களில் நான் எழுத்துகளை வாயால் சொல்வேன், அவன் கண் சிமிட்டுவான். ஒரு சொல் முடிவதற்குள் அம்மா குறுக்கே வருவாள். "தண்ணியா? முதுகு நோவுதா?" எனக்கு எழுத்து தவறிவிடும். ஒருமுறை, "கொஞ்சம் சும்மா இரும்மா!" என்று கத்திவிட்டேன். அவன் கண்களை மூடிக்கொண்டான். அன்று முழுதும் எந்த எழுத்துக்கும் சிமிட்டவே இல்லை.

லேப்டாப் திரும்பி வந்ததும் அவன் முதலில் எழுதியது: "அம்மாவ திட்டாதக்கா." அடுத்தது: "கடலுக்குப் போலாம்."

வேன் பிடித்துச் சதுரங்கப்பட்டினம் போனோம். பின்கதவைத் திறந்து வைத்து, கடல் தெரியும்படி அவனைச் சாய்த்து உட்காரவைத்தேன். மடியில் லேப்டாப். அலைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "போதும், வூட்டுக்குப் போலாம்" என்றது குரல்.

"குளிருதாடா?"

"அழுவ வருது. தொடைக்கக் கை இல்ல."

என் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டேன். அதன்பின் இன்னும் கொஞ்சநேரம் இருந்தோம்.

பொங்கல் கழிந்து சில வாரங்களில் எழுத்துகள் வருவது குறைந்தது. ஒருநாள் எதுவுமே பதியவில்லை. மறுபடியும் போர்ட்தான் என்று நினைத்தேன். ஒயரைக் கழற்றி ஊதினேன், வேறு ஒயர் போட்டேன், லேப்டாப்பை அணைத்துத் திறந்தேன். கடைசியாக ஸ்விட்சை என் விரலால் அழுத்திப் பார்த்தேன். உடனே 'க' பதிந்தது.

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது.

டிவி முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா, "இன்னா சொல்றான்? 'க'ன்னு வந்திருக்கே?" என்று கேட்டாள்.

"அது நான் அழுத்துனதும்மா" என்றேன்.

அம்மா எழுந்து வந்து அவன் கன்னத்தில் கை வைத்தாள். அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். பங்குனி பிறக்கும் முன்பே அவன் போய்விட்டான்.