சத்தம் இல்லாத இடம்

என் பையின் அடியில் ஒரு மஞ்சள் துணி கிடக்கிறது. ஒன்றரை முழ நீளம், மெல்லிய மல் துணி, ஓரம் அடிக்காதது. ஊர் ஊராக மாறியதில் பாய், தட்டு, இரண்டு செல்போன் எல்லாம் போய்விட்டன. இது மட்டும் போகவில்லை. பிள்ளைகளின் கண்ணைக் கட்டுவதற்காக அக்கா தென்காசியில் வாங்கியது. கடையில் ஒவ்வொரு துணியாக எடுத்துத் தன் கண்ணில் கட்டிப் பார்த்தாள். கடைக்கார அண்ணாச்சி, "ஏம்மா, துணி எடுக்க வந்தியா, கண்ணாமூச்சி ஆட வந்தியா?" என்று கேட்டார். "ரெண்டுக்குந்தான் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "முழு இருட்டா இருந்தா பிள்ள பயந்துரும்லே. நெழலாவது தெரியணும்."

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. தென்காசி, கடையம், வீரகேரளம்புதூர் பக்கத்து மழலையர் பள்ளிகளிலும், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுச் செல்லும் காப்பகங்களிலும் பிறந்தநாள் என்றால் எங்களைக் கூப்பிடுவார்கள். அவள் மைக் பிடித்து விளையாட்டு நடத்துவாள். நான் யானை. ஒன்பதாவதோடு படிப்பை விட்டு, லாரி கிளீனர், பரோட்டாக் கடை, செங்கல் சூளை என்று சுற்றிவிட்டு முப்பத்திரண்டு வயதில் யானை ஆனேன். ஸ்பாஞ்ச் உடம்பு, துணித் தும்பிக்கை, வாய்ப் பக்கம் ஒரு வலை. அந்த வலை வழியாகத்தான் உலகம் தெரியும். உள்ளே வேர்வை முழங்கால் வரை வழியும். யானை பேசக் கூடாது என்பது அக்காவின் சட்டம். "பேசிட்டேன்னா ஆளாயிருவ. ஒன்ன ஆளாப் பாத்தா பிள்ளைகளுக்கு என்ன சந்தோசம்? எனக்கே இல்ல" என்பாள்.

எங்கள் நிகழ்ச்சியில் எல்லோருக்கும் பிடித்தது கடைசி விளையாட்டு. பிறந்தநாள் பிள்ளையின் கண்ணைக் கட்டி நடுவில் விடுவோம். டீச்சர்கள், மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள், யானை எல்லோரும் சுற்றி நின்று கைதட்டுவோம். பிள்ளையின் அம்மா மட்டும் கைதட்டாமல் நிற்பாள். "சத்தம் இல்லாத எடத்துலதான் அம்மா இருக்காங்க, கண்டுபிடி!" என்று அக்கா மைக்கில் சொல்லுவாள். பிள்ளை காதைத் தீட்டிக்கொண்டு கைதட்டல்களுக்கு நடுவே தடவித் தடவி நடக்கும். கடைசியில் ஒரு சேலையைப் பிடித்துக்கொண்டு கத்தும். அம்மாதான் கட்டை அவிழ்க்க வேண்டும். அதுவரை யாரும் அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்ததும் எத்தனையோ அம்மாக்கள் அழுததைப் பார்த்திருக்கிறேன்.

இதை நடத்துவதற்கு முன் ஒரு வேலை உண்டு. அந்தப் பிள்ளைக்கு அம்மா இருக்கிறாளா, இன்றைக்கு வந்திருக்கிறாளா என்று ஆயாவிடம் போய்க் கேட்க வேண்டும். ஆபீசில் கேட்டால் ரெஜிஸ்டரைப் பார்த்து அம்மாவின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்பது ஆயாவுக்குத்தான் தெரியும். அம்மா இல்லை என்றால் விளையாட்டு 'யானையைக் கண்டுபிடி' என்று மாறிவிடும். கைதட்டாமல் நிற்பது நானாக இருப்பேன். கேட்கிற வேலையும் என்னுடையது.

ஒரு ஜூன் மாதம், பள்ளி திறந்து இரண்டாவது வாரம், ஒரு மழலையர் பள்ளியில் நிகழ்ச்சி. காலையிலிருந்து சாரல். குற்றாலத்தில் தண்ணீர் விழத் தொடங்கிவிட்டது என்று பஸ்ஸிலேயே பேசிக்கொண்டார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் போய் அருவியில் நின்றுவிட வேண்டும் என்பதுதான் என் மண்டை முழுக்க. ஆயா பின்கட்டில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். நடுவில் முற்றம், முற்றத்தில் சாரல். நனைய வேண்டுமே என்று நான் போகவில்லை. அருவியில் நனைய ஆசைப்பட்டவன், பத்தடி சாரலில் நனைய யோசித்தேன்.

"ஏலே, கேட்டியா?"

"கேட்டாச்சுக்கா."

பிறந்தநாள் பிள்ளை நாலு வயதுப் பையன். புதுச் சட்டை, நெற்றியில் கோணலாக ஒரு திருநீற்றுக் கீற்று. அப்பா பட்டாளத்துக்காரர். லீவில் வந்திருந்தவர், கேக்கை எடுத்து வருவதற்காக வெளியே போயிருந்தார். டீச்சர்கள் இரண்டு பேரும் அந்த மாதம்தான் சேர்ந்தவர்கள். அக்கா கண்ணைக் கட்டினாள். "அம்மா எங்க ஒளிஞ்சிருக்காங்க? கண்டுபிடிங்க பாப்போம்!" என்றாள். பையன் ஒரு கணம் வாயைத் திறந்தபடியே நின்றான். "வந்துட்டாளா?" என்றான். பிறகு ஓட ஆரம்பித்தான்.

அவன் தெருவைச் சேர்ந்த ஒரு பெண், தன் பிள்ளையைக் கூட்டிப்போக அப்போதுதான் உள்ளே வந்து, என்ன விளையாட்டு என்று தெரியாமல் வட்டத்தில் நின்று கைதட்டினாள். "அம்மா எங்க?" என்று அக்கா மைக்கில் மறுபடி கேட்டதும் அவள் கை நின்றுவிட்டது. பையன் அந்த இடத்துக்குப் பாய்ந்து அவள் காலைக் கட்டிக்கொண்டான். வளையலைத் தடவிப் பார்த்தான். "நீ இல்ல" என்று விட்டான். அவள் பக்கத்தில் நின்றவளின் காதில் ஏதோ சொன்னாள். அந்தக் கையும் நின்றது. அங்கே ஓடினான். அடுத்தது நின்றது. அங்கே ஓடினான். விஷயம் காதுக்குக் காது போகப் போகக் கைதட்டல் அணைந்துகொண்டே வந்தது. சத்தம் நின்ற இடத்துக்கெல்லாம் அவன் ஓடிக்கொண்டே இருந்தான். என்னிடமும் வந்தான். தும்பிக்கையைப் பிடித்து, "இது யானை" என்று சிரித்தான். கடைசியில் கூடம் முழுக்கச் சத்தம் இல்லாமல் போயிற்று. அவன் நடுவில் நின்று எல்லாப் பக்கமும் திரும்பினான்.

"எம்மா, நான் தோத்துட்டேன். வெளிய வா."

வாசலில் அப்பா கேக்குப் பெட்டியோடு நின்றார். அக்கா மைக்கை அணைத்துக் கீழே வைத்தாள். அப்பா வந்து கட்டை அவிழ்க்கப் போனார். பையன் இரண்டு கையாலும் துணியை அமுக்கிக்கொண்டான். "அவுக்காதீங்கப்பா, அம்மாதான் அவுக்கணும்." அப்படியே தூக்கிக்கொண்டு போனார். மற்றப் பிள்ளைகள் கேக் கேட்டார்கள். ஆயா வெட்டிக் கொடுத்தாள். அவள்தான் சொன்னாள், கோடை விடுமுறையில் மூன்று நாள் காய்ச்சலில் அம்மா போய்விட்டாள் என்று.

திரும்பும்போது பஸ்ஸில் யானைத் தலை என் மடியில் இருந்தது. அக்கா ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்.

"நீ கேக்கல, என்னா?"

"ஆயா சரியாச் சொல்லலக்கா."



மறுநாள் அந்த அப்பா அக்கா வீட்டுக்கு வந்தார். நான் அங்கே கிழிந்த யானைக் காதைத் தைத்துக்கொண்டிருந்தேன். துணியைத் துவைத்து, இஸ்திரி போட்டுக் கொண்டுவந்திருந்தார். சண்டைக்கு வந்தவர் மாதிரித் தெரியவில்லை. உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை.

"தூங்குன பொறவுதான் அவுக்க முடிஞ்சுது. அம்மா ஊருக்குப் போயிருக்கான்னு சொல்லி வச்சிருந்தேன். இப்பம் வீட்டுக்குள்ளயே தேடுதான். கட்டிலுக்கு அடியில பாக்கான், பீரோவ நவுத்தச் சொல்லுதான். 'சத்தம் போடாதீங்கப்பா, சத்தம் இல்லாத எடத்துலதான் இருப்பா'ங்கான். அடுத்த வாரம் எனக்கு லீவு முடியுது. நான் என்னத்தச் சொல்லிட்டுப் போவேன்?"

அக்கா எழுந்து நின்றாள். "தப்பு என் மேலதான் சார். நாந்தான் கேக்காம விட்டேன்."

யானை பேசக் கூடாது என்று சட்டம். ஆனால் அன்றைக்குத் தலை என் தோளில் இல்லை, தரையில் கிடந்தது. ஊசியைக் குத்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.

அதன்பின் எந்தப் பள்ளியும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் அவள் போயிருக்க மாட்டாள். புளியங்குடியில் எலுமிச்சை மண்டிக்குக் காய் தரம் பிரிக்கப் போய்விட்டாள். போகும்போது துணியை என் கையில் வைத்து, "இத நீ வச்சுக்க" என்றாள். 'லே' போடவில்லை.

இரண்டு வருடம் கழித்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று புளியங்குடியில் இறங்கினேன். மண்டிக்குள் பெண்கள் பேசிச் சிரித்துக்கொண்டே காய் பொறுக்கினார்கள். அவள் ஒருத்தி மட்டும் பேசாமல் இருந்தாள். லாரிக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றேன். அவளுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப் போவதில்லை என்று பட்டது. பஸ் ஏறிவிட்டேன்.

இப்போது குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் அறை துடைக்கிறேன். சீசன் தொடங்கிவிட்டது. அருவிச் சத்தம் அறை வரை கேட்கிறது. அந்தப் பையனுக்கு இப்போது மீசை அரும்பியிருக்கும். தேடுவதை எப்போது நிறுத்தினான் என்று எனக்குத் தெரியாது. நேற்று பையை உதறும்போது துணி விழுந்தது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அதை என் கண்ணில் கட்டிப் பார்த்தேன். அக்கா சொன்னது சரிதான், முழு இருட்டு இல்லை. கதவு வெளிச்சத்தில் ஆட்கள் போகிறதும் வருகிறதும் தெரிந்தது. முகம் தெரியவில்லை. சேலை கட்டிய ஒரு நிழல் வாசலில் வந்து நின்றது. பெருக்க வந்த பெண்ணாக இருக்கலாம். யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். அவன் ஏன் அவிழ்க்க விடவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

"என்னண்ணே, கண்ணு வலியா?" என்றது நிழல்.

துணியை அவிழ்த்துப் பைக்குள் வைத்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனேன்.