தீக்குழிக்குள் வந்த கடல்

என்னிடம் ஜப்பான் மடிப்புக் கேமரா ஒன்று இருக்கிறது. பொத்தானை அமுக்கினால் கறுப்புத் துருத்தியோடு லென்ஸ் முன்னால் நீளும். ஒவ்வொரு படத்துக்கும் பிறகு பிலிமை நாமே திருகவேண்டும். மறந்தால் அடுத்த படமும் அதே இடத்தில் பதிந்துவிடும். இது தெரிந்தும் மறந்தேன்.

என் மனைவியின் தம்பிக்கு டைபாய்டு கண்டபோது, பிழைத்தால் அவன் தீ மிதிப்பான் என்று நாகப்பட்டினத்திலிருக்கும் என் மாமியார் நேர்ந்துகொண்டார். பிழைத்தான். கடல் தாண்டி நாங்கள் இருக்கும் இந்த ஊரில், சவுத் பிரிட்ஜ் ரோட்டுக் கோயிலில் பூக்குழி இறங்கினான். மாமியாருக்கு அனுப்ப நான்தான் படம் எடுத்தேன்.

அதற்குமுன் கத்தோங் கடற்கரையில் அலைகளைப் படமெடுத்துவிட்டுத் திருகாமல் வைத்திருந்தேன். சிராங்கூன் ரோட்டு ஸ்டூடியோவில் கழுவி வாங்கிய படத்தில், மைத்துனன் காலடியில் தணலைக் காணோம். அலை புரண்டுகொண்டிருந்தது.

"முகம் தெரியுதுலா அத்தான், அனுப்பிடுங்க" என்றான். அனுப்பினேன்.

மாமியாரிடமிருந்து பதில் வந்தது. "தண்ணிய ஊத்தி அணைச்சிட்டு நடந்திருக்கான். நீங்களும் பக்கத்துல நின்னு படம் எடுத்திருக்கீங்க, மாப்பிள்ளை. அடுத்த வருசம் ஒழுங்கா மிதிக்கச் சொல்லுங்க."

துருத்தி, பிலிம் என்று நான் எழுதிய விளக்கம் எதுவும் அவரிடம் எடுபடவில்லை. மைத்துனன் கொஞ்ச நாள் என் முகத்திலேயே விழிக்கவில்லை.

இப்போதெல்லாம் படம் எடுத்த கையோடு பிலிமைத் திருகிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கிறேன். ஆனாலும் மறு ஆண்டு, கூட்டமெல்லாம் "கோவிந்தா" என்று முழங்க, மஞ்சள் வேட்டியோடு குழியோரம் நின்ற மைத்துனன் கண்ணால் என்னைத் தேடிப் பிடித்துக் கேட்டான்: "அத்தான், திருகிட்டீங்களா?"

நான் தலையாட்டிய பிறகுதான் நெருப்பில் காலை வைத்தான்.