இரண்டு மூடி வினிகர்

என் அப்பாவும் சித்தியும் ஒரே வீட்டில் நான்கு வருடம் இருந்தும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. மனைவியின் தங்கை, கல்யாணமாகாத பெண், தாய் தகப்பன் போன பிறகு தன் பொறுப்பில் வந்து இருப்பவள். அவளோடு சிரித்துப் பேசி ஊர் வாய்க்கு அவல் கொடுக்கக் கூடாது என்பது அப்பாவின் கொள்கை. பொம்மனஹள்ளியில் நாங்கள் குடியிருந்த வீடோ ஒரு கூடமும் ஒரு சமையலறையும்தான். இந்தக் கோடியில் தும்மினால் அந்தக் கோடியில் கேட்கும். அதற்குள் இருந்துகொண்டு பேசாமலிருப்பதற்கு நடுவில் ஓர் ஆள் தேவைப்பட்டது. ஒன்பது வயதில் எனக்குக் கிடைத்த உத்தியோகம் அது.

“உங்க சித்தியக் கேளு, கேஸ் எப்ப புக் பண்ணிச்சுன்னு” என்பார் அப்பா, சித்தி இரண்டடி தள்ளி வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போதே. நான் திரும்பிக் கேட்பேன். சித்தி என்னிடம் பதில் சொல்லும். அதை நான் அப்பாவிடம் சொல்வேன். சம்பளம் இல்லாத வேலை என்பதால் எனக்கு வேண்டிய சொற்களையும் இடையில் சேர்த்துக்கொள்வேன். பிஸ்கட் தீர்ந்துபோன செய்தி பல தடவை அப்படித்தான் அப்பாவுக்குப் போனது.

சித்தி பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தது. கார்களுக்கு வயர் கட்டுகிற இடம். அங்கே புது மெஷின்கள் போட கொரியாவிலிருந்து சில பேர் வந்திருந்தார்கள். அந்த மெஷினைக் கற்றுக்கொள்ள லைனிலிருந்து நான்கு பெண்களை ஆறு மாதம் கொரியாவுக்கு அனுப்பப் போவதாகவும் அதில் சித்தி பெயரும் இருப்பதாகவும் ஒரு புதன்கிழமை சேதி வந்தது. வீட்டுப் பெரியவர் ஒருவர் சம்மதக் கையெழுத்துப் போட்ட காகிதத்தைத் திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். பெரியவர் என்றால் அப்பாதான்.

அப்பா நேரடியாக மறுக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், வழக்கம்போல என் மூலமாக. “அங்க போயி இன்னா துன்னும் உங்க சித்தி? ஒரு வேளை ரசம் இல்லன்னா அதுக்குத் தொண்டையில எறங்காது. கேளு.”

நியாயமான கேள்விதான். பிரியாணி போட்ட கல்யாண வீட்டிலிருந்து வந்துகூட ரசம் சோறு தேடுகிற ஆள் சித்தி. நான் கேட்டேன். சித்தி, ஞாயிற்றுக்கிழமை அந்த ஊர்ச் சாப்பாடு ஒன்றைத் தானே சமைக்கப் போவதாகவும், எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்டுவதாகவும், அதற்குப் பிறகு மாமா முடிவு சொல்லட்டும் என்றும் சொல்லச் சொன்னது. சொன்னேன். அந்தச் செய்தியில் மட்டும் நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

எனக்குத் தலை வாரியது சித்தி. கணக்குப் போட்டுக் கொடுத்தது சித்தி. மழை பெய்து தெருவில் சாக்கடை ஏறினால் இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளியில் விட்டதும் சித்திதான். ஆறு மாதம் என்பது எனக்குக் கணக்கில் அடங்காத காலம். சித்தி போகக் கூடாது, அவ்வளவுதான்.

சமைக்கப் போவது குளிர்ந்த நூடுல்ஸ். ஐஸ் போட்ட சாறில் மிதக்கும் என்று கேட்டதும் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். சாப்பாடு என்றால் ஆவி பறக்க வேண்டும், வீட்டு ஆம்பளைக்கு ஆறிப்போனதை எடுத்து வைப்பதா என்று புலம்பினாள். ஆனால் சனிக்கிழமை கோழி எலும்பைக் கொதிக்க வைத்து வடிகட்டி, கொழுப்பை வழித்து, சாறை ஃபிரிட்ஜில் வைத்ததும் அவள்தான். நூடுல்ஸ் பாக்கெட்டைத் தொழிற்சாலையில் ஒரு கொரியா அம்மா கொடுத்திருந்தார். பழுப்பு நிறம், ஊசி மாதிரி மெல்லிசு. குறைவாக இருந்தது வினிகர் ஒன்றுதான். அதற்கு என்னை ஒரு காலி டானிக் பாட்டிலோடு முக்கில் கோபி மஞ்சூரி வண்டி போடும் அண்ணனிடம் அனுப்பினார்கள்.

அந்த அண்ணன் பாட்டிலில் முக்கால்வாசி நிரப்பிக் கொடுத்துவிட்டு விரலை ஆட்டிக் கன்னடத்தில் சொன்னார். “ஜாஸ்தி ஹாக்பேடம்மா, தும்பா ஹுளி.” நிறையப் போட்டுவிடாதே, ரொம்பப் புளிப்பு என்கிறார். நல்ல மனிதர். என்னை எச்சரிப்பதாக நினைத்துக்கொண்டு எனக்கு வழி காட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஏப்ரல் வெயில் தகரக் கூரையைப் போட்டு வாட்டிக்கொண்டிருந்தது. பத்து நிமிட வேலைதான் என்றது சித்தி. நூடுல்ஸை நாலு நிமிடம் வேகவைத்து வடித்து, பச்சைத் தண்ணீரில் போட்டு, துணி கசக்குகிற மாதிரி இரண்டு கையாலும் கசக்கி அலசியது. அதன் பசை போனால்தான் நன்றாக இருக்குமாம். வெள்ளரிக்காயை மெல்லிசாக அரிந்தது. முட்டையை அவித்துப் பாதியாக வெட்டியது. குளிர்ந்த சாறில் உப்பு, சர்க்கரை, அரைத்த கடுகு கொஞ்சம், இரண்டு மூடி வினிகர். நான் மூடியை எண்ணிக்கொண்டே பக்கத்தில் நின்றேன்.

பிறகு ஒரு சிக்கல். நூடுல்ஸ் ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம் இருந்தது. கத்தரியால் வெட்டித்தான் சாப்பிடுவார்கள் என்றது சித்தி. வீட்டில் இருந்த ஒரே கத்தரி அம்மாவின் தையல் கத்தரி. அம்மா ஜாக்கெட் தைப்பவள். அந்தக் கத்தரியால் துணியைத் தவிர வேறெதையும் வெட்ட விடமாட்டாள். பள்ளிக்கூட வேலைக்குக் காகிதம் வெட்டியதற்காக நான் முதுகில் வாங்கியிருக்கிறேன். அன்று அம்மா தானாகவே மெஷின் பெட்டியைத் திறந்து கத்தரியை எடுத்தாள். அதை எடுத்துக்கொண்டு அம்மாவும் சித்தியும் குழாயடிக்குக் கழுவப் போனார்கள்.

நான் வினிகர் பாட்டிலைத் திறந்து சாறு இருந்த சட்டியில் கவிழ்த்தேன். முழுவதும். கடைசிச் சொட்டுக்காகப் பாட்டிலின் பின்புறத்தில் தட்டினேன்.

நான்கு கிண்ணங்களில் நூடுல்ஸ், சாறு, மேலே வெள்ளரிக்காய், அரை முட்டை, ஃபிரிட்ஜ் தட்டிலிருந்து பெயர்த்த ஐஸ். அப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவர் வாழ்க்கையில் முதல் முறையாகச் சாப்பாட்டில் ஐஸ் மிதந்தது. சித்தி எதிரில் உட்கார்ந்தது. அதுவும் முதல் முறைதான்.

அம்மா ஒரு வாய் எடுத்தாள். கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள். அடுப்பில் எதையோ மறந்துவிட்டதாகச் சொல்லி எழுந்து போனவள் திரும்பவே இல்லை. அப்பா மூன்று வாய் வரை தாக்குப்பிடித்தார். அவர் காது இரண்டும் சிவந்துவிட்டன. நான் நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்தேன், பல்லெல்லாம் கூசியது. காரியம் முடிந்தது என்று உள்ளுக்குள் குதித்தேன்.

சித்தி முதல் வாயில் ஒரு நொடி நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தது. பிறகு குனிந்து சாப்பிட ஆரம்பித்தது. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. அவசரமும் இல்லை. நூடுல்ஸை முடித்தது, வெள்ளரிக்காயை முடித்தது, முட்டையை முடித்தது. அப்புறம் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி, அந்தச் சாறைக் கடைசிவரை குடித்து, கீழே வைத்து, வாயைத் துடைத்துக்கொண்டது.

அப்பா தன் கிண்ணத்தை மறந்து சித்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தயாராக இருந்தேன், ‘போக வேண்டாம்னு சொல்லு’ என்ற செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்க. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

“அந்த பேப்பர் எங்கம்மா?” என்றார், சித்தியைப் பார்த்து.

சித்தி பாதி எழுந்துவிட்டது. “பைல இருக்கு மாமா” என்றது, அப்பாவைப் பார்த்தே.

கையெழுத்துப் போட்டுவிட்டு அப்பா, சமையலறைப் பக்கம் முகத்தைத் திருப்பி அம்மாவிடம் சொன்னார்: “இத துன்னுட்டு மொகம் மாறாம ஒக்காந்திருக்குது. இது எந்த ஊர்ல வேணா பொழச்சிக்கும். எனக்குக் கொஞ்சம் ரசம் ஊத்து.” குக்கரில் சோறும் ரசமும் ஏற்கெனவே தயாராக இருந்தன. அம்மா முன்யோசனைக்காரி.

இப்போது அந்த நூடுல்ஸ் எங்கள் வீட்டுப் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கிறது. வெயில் ஏறினால் நானும் பத்து நிமிடத்தில் செய்துவிடுகிறேன். அப்பா ஐஸை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுவார். ஓசூரில் இருக்கும் சித்தி ஃபோனில், எத்தனை மூடி ஊற்றினாய் என்று தவறாமல் கேட்கும்.

அன்று பாத்திரம் கழுவும்போது சித்தி அந்த டானிக் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது. அலசிக் கவிழ்த்து வைத்தது. அம்மாவிடம் சொல்லிவிடும் என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

“நான் போவக் கூடாதா பாப்பா உனக்கு?”

ஆமாம் என்று தலையாட்டினேன். அழுகை வந்துவிட்டது.

“எனக்குப் போவணும்டா” என்றது சித்தி. ஈரக் கையோடு என்னை இழுத்துக் கட்டிக்கொண்டது. அதன் வயிறு கடமுடவென்று சத்தம் போட்டது என் காதில் நன்றாகக் கேட்டது. பாவம், எவ்வளவு எரிந்திருக்கும். எதற்காக அவ்வளவையும் குடித்தது என்று நான் யோசிக்கவே இல்லை. வினிகர் போதவில்லை, அடுத்த தடவை பெரிய பாட்டிலாக எடுத்துப் போக வேண்டும் என்றுதான் அதன் தோளில் அழுதுகொண்டே நினைத்தேன்.